திருகோணமலையில் நெடுந்தூரச் சைக்கிள் வழித்தடமொன்றை உள்ளூர் ஓட்டிகளோடு பகிர்வது எப்படி?

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை செல்லும் கரையோர வீதி ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமானது. பெரும்பகுதி மட்டமான தரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் பனைமரங்களுமாகச் செல்லும் இவ்வீதியில் ஒருமுறை ஓடியவர் எவரும் அதை மற்றவர்க்குச் சொல்லாமல் இருப்பது அரிது. ஆனால் அவ்வாறு சொல்லும்போது பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில் பதிவான வழித்தடக் கோட்டினை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "நல்ல ரோட், போய்ப் பாருங்கோ" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அந்தக் கோடு எங்கே திரும்புவது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே தண்ணீர் கிடைக்கும், எத்தனை மணிக்குக் காற்று எதிர்முகமாக மாறும், முடியாமற்போனால் எவ்வாறு வீடு திரும்புவது என்பனவற்றை அது சொல்லாது. புதிதாகச் சைக்கிளோட்டத் தொடங்கி, தமக்குப் பிடித்த நீண்ட வழித்தடமொன்றை இவ்வூர் ஓட்டிகளோடு பகிர விரும்புவோர் அதை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில்: எந்த வீதி?

நகரிலிருந்து நெடுந்தூரம் செல்ல நான்கு வழிகள் உள்ளன. கந்தளாய், ஹபரணை ஊடாகச் செல்லும் ஏ6 வீதி கொழும்புக்கான பிரதான வீதியாதலால் லொறிகளும் நெடுந்தூரப் பஸ்களும் அதில் நிறைந்திருக்கும். கந்தளாய்க்கு அப்பால் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் பகுதிகளும் உள்ளன. ஹொரவப்பொத்தானை ஊடாக அனுராதபுரம் செல்லும் ஏ12 வீதியில், நகருக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுவரை காலையில் ஓடிவருவது இனிய அனுபவமே. அதைக் கடந்தால் காடு தொடங்கிவிடும், கடைகள் ஐதாகிவிடும். இவ்விரண்டையும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை ஊடாக மட்டக்களப்புச் செல்லும் ஏ15 வீதிதான் என் கணிப்பில் இம்மாவட்டத்தின் மிக அழகான சைக்கிள் வழித்தடம். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் மீது விடிகாலையில் செல்லும்போது குடாவின் முழு விரிவும் கண்முன்னே வரும். அதற்கு முன்னர் அவ்விடத்தை மக்கள் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறியே கடந்தனர். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் சதுப்புநிலமும், வெருகலாற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயமும் அவ்வழியிலேயே உள்ளன. எனினும் மட்டக்களப்புவரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் என்பதாலும், வெருகலுக்கும் வாகரைக்கும் இடைப்பட்ட பகுதியில் நிழலும் கடையும் குறைவு என்பதாலும், ஒரு குழுவோடு முதன்முதலாகப் பகிர்வதற்கு அது ஏற்றதன்று. வடக்கு வீதியில் ஒன்றாக ஓடிப் பழகிய பின்னர் அதைப் பகிர்வதே நல்லது. ஆகவே கீழே வரும் எடுத்துக்காட்டுகள் வடக்கு வீதியைச் சார்ந்தவை.

பகிர்வதற்கு முன் மீண்டும் ஓடிப் பாருங்கள்

நீங்கள் ஏற்கெனவே ஓடிய வீதிதான் என்றாலும், பகிர்வதற்கென்று தனியாக ஒருமுறை ஓட வேண்டும். இம்முறை உங்கள் வேகத்தில் அல்லாது, குழுவில் மிக மெதுவாக வரக்கூடியவரின் வேகத்தில் ஓடுங்கள். இவ்வூரில் குழுவாகப் புறப்படும்போது மெல்லிய ரயர் கொண்ட பந்தயச் சைக்கிள்களோடு கியர் இல்லாத லுமாலா போன்ற சாதாரணச் சைக்கிள்களும் சேர்ந்தே வரும். மணிக்கு 18 கிலோமீட்டர் என்ற வேகத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் எவரும் பின்தங்கமாட்டார்கள்.

ஓடும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை அழகான இடங்கள் அல்ல. அவற்றை ஓட்டிகள் தாமாகவே கண்டுகொள்வார்கள். தண்ணீர் நிரப்பக்கூடிய இடம், காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும் தேநீர்க்கடை, பத்துப்பேர் ஒதுங்கி நிற்கக்கூடிய மரநிழல், கழிப்பறை உள்ள எரிபொருள் நிலையம், சைக்கிள் திருத்தும் கடை ஆகியவற்றையே குறிக்க வேண்டும். பெண்களும் முதியவர்களும் குழுவில் சேர வேண்டுமாயின் கழிப்பறை பற்றிய குறிப்பு மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது. அது இல்லாமையாலேயே பலர் வீட்டில் நின்றுவிடுகின்றனர் என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

வீதியின் மேற்பரப்பைத் தனியாகக் கவனியுங்கள். கடலை ஒட்டிய வளைவுகளில் காற்று மணலை அள்ளி வந்து வீதியோரத்தில் படியவைக்கும். அகன்ற ரயருக்கு அது பொருட்டல்ல, 25 மில்லிமீட்டர் ரயருக்கோ வழுக்கிவிடும். பாலங்களின் இணைப்பு இடைவெளிகள், வேகத்தடைகள், வீதியோரக் காபட் உடைந்து தரைக்கும் வீதிக்கும் இடையே படிபோல நிற்கும் இடங்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடியபடியே எழுத முற்படாமல், நிற்கும் இடங்களில் தொலைபேசியில் குரற்பதிவாகச் சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம்.

சைக்கிள் கடை பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. ஊர்க்கடைகளில் வழமையான சைக்கிளின் ரியூப்பும் ஒட்டும் எங்கும் கிடைக்கும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்ரா வால்வு கொண்ட ரியூப் கிடைக்காது, அதற்குக் காற்றடிக்கும் பம்பின் வாயும் பொருந்தாது. அவ்வகைச் சைக்கிளில் வருவோர் இரண்டு ரியூப்பும், சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய சிறிய பித்தளை மாற்றியும் கொண்டுவர வேண்டும் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வீதியில் வாழ்பவர்களிடம் கேளுங்கள்

உங்கள் குழுவிலுள்ள உள்ளூரார் இவ்வீதியைப் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் நெடுங்காலமாக அறிந்தவர்கள். சைக்கிளில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத பலவற்றை அவர்கள் அறிவார்கள். வழித்தடத்தைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன்னர், வழியிலுள்ள ஊர்களைச் சேர்ந்த இருவர் மூவருக்கு அனுப்பி, "அண்ணா, இதில விடியப்புறம் போறதெண்டா எதைக் கவனிக்கோணும்?" என்று கேட்டுவிடுங்கள். கிடைக்கும் பதில்கள் எந்த வரைபடத்திலும் இராது.

அத்தகைய பதில்கள் பெரும்பாலும் இவ்வாறு அமையும். இரவில் தார் வீதியின் சூட்டை நாடி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். விடியுமுன் ஓடுவோர்க்கு யானையைவிட இவையே அன்றாட ஆபத்து. அறுவடைக் காலத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கங்களில் வீதியின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைப்பார்கள். அதன்மீது சைக்கிளை ஏற்றுவது ஓர் உழவரின் உழைப்பின்மீது ஏற்றுவதாகும் என்பதால், அப்பருவத்தில் எதிர்த்திசை வாகனங்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கரைவலை இழுக்கும் இடங்களில் காலையில் மீன் ஏற்றும் வாகனங்கள் திடீரென வீதிக்கு வரும். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடப்பட்டு, பள்ளிவாசல் முன்னால் வீதி நெரிசலாகும். ரமழான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகளை நம்பிப் புறப்படலாகாது; அம்மாதத்தில் நோன்பிருப்பவர்களின் முன்னே குழுவாக நின்று உண்பதைத் தவிர்ப்பது மரியாதையும் ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் நோக்கிப் பாதயாத்திரை செல்வோர் முல்லைத்தீவைக் கடந்து இக்கரையோரமாகவே நடந்து வருவர். அக்காலத்தில் விடியலில் வீதியோரம் நடப்போர் பலர் இருப்பார்கள் என்பதையும் எழுதுங்கள்.

உடை பற்றி ஒரு சொல். இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு கோயிலுக்குள்ளோ பள்ளிவாசல் வளவுக்குள்ளோ தண்ணீர் கேட்டு நுழைவது பொருத்தமன்று. மேலே அணிய மெல்லிய சாரமோ நீண்ட காற்சட்டையோ பையில் ஒன்று இருந்தால் போதும்.

காற்றும் வெயிலும்

இவ்வழித்தடத்தின் கடினம் ஏற்றத்தில் இல்லை. ஏற்றமென்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. கடினம் முழுவதும் காற்றிலும் வெயிலிலும் உள்ளது. ஆகையால் எந்த மாதம், எந்த மணி என்பதைக் குறிப்பிடாமல் இதைப் பகிர்வது அரைகுறையான பகிர்வு.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை இங்கே பெய்யும். தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வீதியை மேவக்கூடிய காலம் அது. மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைந்து, தெற்கிலிருந்து வரும் சோளகமும் மேற்கிலிருந்து வரும் வரண்ட கச்சான் காற்றும் வீசும். வீதி வடக்கு வடமேற்காகச் செல்வதால், சோளகக் காலத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். புதியவர்கள் பலர் போகும்போது கிடைத்த வேகத்தைத் தம் கால்களின் வலிமை என்று எண்ணி, திட்டமிட்ட இடத்தையும் தாண்டிச் சென்றுவிடுவார்கள். பின்னர் நண்பகல் வெயிலில், களைத்த கால்களோடு, எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். இக்காரணத்தால் பகிர்வுக் குறிப்பில் திரும்பும் நேரத்தையும் போகும் நேரத்தையும் வெவ்வேறாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் ஒப்பீட்டளவில் இதமானவை. ஒரு குழுவின் முதல் நீண்ட ஓட்டத்தை அப்பொழுது வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைச் செய்து பார்த்தால் நிலைமை தெளிவாகும். புல்மோட்டை போய்த் திரும்ப 110 கிலோமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டநேரமே ஆறு மணித்தியாலத்துக்கு மேல். நிறுத்தங்களையும் சேர்த்தால் ஏழரை. காலை 5.30க்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்குத்தான் நகரை அடையலாம். கடைசி இரண்டு மணித்தியாலமும் உச்சி வெயில். ஆகவே புதியவர்களுக்கான வழித்தடத்தை ஏறத்தாழ 34 கிலோமீட்டரிலுள்ள குச்சவெளியோடு நிறுத்தி, அங்கிருந்து திரும்புவதாக அமையுங்கள். புல்மோட்டைவரை போகவே வேண்டும் என்று குழு விரும்பினால், ஒருவழி ஓட்டமாக வைத்து, திரும்புவதற்குப் பட்டா எனப்படும் சிறு லொறியொன்றை முன்கூட்டியே பேசிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் எனக் கணக்கிடுங்கள். சைக்கிளில் கொள்ளும் இரண்டு போத்தல்கள் பெரும்பாலும் ஒன்றரை லீற்றருக்கு மேல் பிடிக்காது. எனவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் நிரப்பும் இடம் வழித்தடத்தில் இருந்தாக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் வியர்வையில் போகும் உப்பு ஈடாகாது. ஒரு லீற்றர் நீரில் கரைக்கும் ஜீவனிப் பொதி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டுச் சத்துப்பானங்களைத் தேடி அலையத் தேவையில்லை. வழியில் இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வழித்தடக் கோப்பைத் தயாரித்தல்

ஸ்ட்ராவா, கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் எதில் நீங்கள் பதிந்திருந்தாலும், பகிரும்போது ஜிபிஎக்ஸ் எனப்படும் பொதுவடிவ வழித்தடக் கோப்பாகவும் கொடுங்கள்; பெரும்பாலான செயலிகள் அதைத் திறக்கும். அக்கோப்பு இருவகைப்படும். ஒன்று சில புள்ளிகளை மட்டும் தந்து, இடைப்பட்ட வழியைக் கருவியே கணித்துக்கொள்ள விடுவது. மற்றது ஓடிய கோட்டை நெருக்கமான புள்ளிகளாக அப்படியே தருவது. இரண்டாவதையே பகிருங்கள். முதலாவது வகையில் பெறுபவரின் கருவி "வாகனம் குறைந்த வழி" என்று எண்ணி அவரை மணல் ஒழுங்கைக்குள் அனுப்பிவிடக்கூடும்.

கோட்டின்மீது நீங்கள் சேகரித்த தண்ணீர், நிழல், திருத்தகம் ஆகியவற்றைப் புள்ளிகளாகச் சேர்த்து, தமிழிலேயே பெயரிடுங்கள். செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை நம்பவேண்டாம். மட்டமான கரையோரத்தில்கூட உயர அளவீட்டின் சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற்றமென்று காட்டி, புதியவர்களை வீணே அச்சுறுத்தும்.

வழித்தடம் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கக்கூடாது. பதிவின் முதற் பகுதியை வெட்டி, மத்திய பஸ் நிலையம் போன்ற பொது இடத்திலிருந்து தொடங்குமாறு செய்யுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி ஸ்ட்ராவாவில் உண்டு. திருகோணமலையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம், கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியிலேயே அமைந்த பிரெட்ரிக் கோட்டையின் இராணுவ முகாம் ஆகியவை இந்நகரிலும் அதன் அண்மையிலும் உள்ளன. ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ஓட்டப் பதிவுகளின் வழியே பல நாடுகளின் படைத்தளங்கள் வெளிப்பட்டமை 2018 ஜனவரியில் பெரும் சர்ச்சையாயிற்று. ஆகவே காவலரண், தடைசெய்யப்பட்ட வாயில் போன்றவற்றைப் புள்ளிகளாகக் குறிக்காதீர்கள், அவற்றின் படத்தையும் இணைக்காதீர்கள், அவ்வழியே குறுக்குவழி காட்டவும் வேண்டாம்.

குறிப்பை எழுதுதல்

குழுவில் எல்லோரும் கோப்பைத் திறக்கத் தெரிந்தவர்கள் அல்லர். சிலரிடம் பழைய தொலைபேசியே இருக்கும். எனவே கோப்போடு, படித்தவுடன் புரியக்கூடிய எழுத்துக் குறிப்பும் அவசியம். வர்ணனையைச் சுருக்கி, நேரமும் தூரமும் முந்திவருமாறு எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

"நகரம் – குச்சவெளி – நகரம். மொத்தம் ஏறத்தாழ 68 கி.மீ. மட்டமான வீதி. மத்திய பஸ் நிலையத்திலிருந்து காலை 5.30க்குப் புறப்பாடு. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். விடியும்வரை மாடுகள் வீதியில் படுத்திருக்கும். உப்புவெளியில் யுத்தக் கல்லறையைத் தாண்டியதும் ஒற்றை வரிசை. நிலாவெளி 15 கி.மீ, 6.20, தேநீர், தண்ணீர். இறக்கக்கண்டிப் பாலத்தில் படம் எடுப்போர் பாலத்தைக் கடந்து ஓரமாக நிற்கவும். குச்சவெளி 34 கி.மீ, 7.40, காலை உணவு. 8.20க்குத் திரும்புதல். எதிர்காற்று இருக்கும், வேகம் மணிக்கு 16. நகரம் 10.45. நிலாவெளியில் களைத்தவர்கள் அங்கிருந்தே திரும்பலாம். தனியாகத் திரும்பக்கூடாது, துணைக்கு ஒருவர் வருவார். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119."

1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் எண். அழைத்தால் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆகையால் ஊர்ப் பெயரையும் அண்மைக் கிலோமீட்டர்க் கல்லையும் பார்த்து வைத்திருக்குமாறு குழுவினருக்குச் சொல்லிவையுங்கள். நிலாவெளியிலும் புல்மோட்டையிலும் வைத்தியசாலைகள் உள்ளன என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

இத்தகைய குறிப்பில் "இலகுவானது" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. உங்களுக்கு இலகுவான 68 கிலோமீட்டர், கிழமைக்கொருமுறை சந்தைக்குப் போய்வருபவருக்கு இலகுவன்று. "இடையில் நிற்காமல் 30 கிலோமீட்டர் ஓடக்கூடியவர்கள் வரலாம்" என்பதுபோல அளவைச் சொன்னால், வருவதா விடுவதா என்று அவரவரே முடிவெடுப்பார்கள்.

ஒன்றாக ஓடும் நாள்

வழித்தடத்தைப் பகிர்ந்தவர் முதல் ஓட்டத்தில் தாமே முன்செல்ல வேண்டுமென்பதில்லை. வழியை அறிந்த இன்னொருவரை முன்னால் விட்டு, நீங்கள் கடைசியில் வாருங்கள். குறிப்பில் எது தவறவிடப்பட்டது என்பது கடைசியில் வருபவருக்கே புலப்படும். முன்செல்பவர் ஒவ்வொரு சந்தியிலும் பின்னால் வருபவர் கண்ணில்படும்வரை காத்திருக்க வேண்டும். இடப்பக்கமாக, வாகனம் மிகுந்த இடங்களில் ஒற்றை வரிசையாகச் செல்லுங்கள். பஸ்கள் நிறுத்தத்திற்காகத் திடீரென இடப்பக்கம் வெட்டும். ஆகவே பஸ்ஸின் இடப்பக்கமாக முந்துவதை முற்றாகத் தடைசெய்யுங்கள். பத்துப்பேருக்கு மேற்பட்டால் இரு குழுக்களாகப் பிரிந்து, இடையே சில நிமிட இடைவெளி விட்டுப் புறப்படுவது பின்னால் வரும் லொறிக்காரருக்கும் உதவியாக இருக்கும்.

தேநீர்க்கடையில் பதினைந்துபேர் ஒருசேர இறங்கப் போகிறீர்கள் என்றால் முதல்நாளே கடைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் கூடுதலாக ரொட்டி போட்டு வைப்பார். உங்களுக்கும் அரைமணி நேரம் மிச்சமாகும். குப்பையைக் கடையிலேயே விட்டு வராமல் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதை, அடுத்த கிழமையும் அதே கடையில் நிற்கப்போகும் குழுவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பகிர்ந்த பின்

மழைக்காலம் ஒன்று கழிந்தால் வீதியின் நிலைமை மாறிவிடும். கடை மூடப்படலாம், பாலத்தில் வேலை தொடங்கலாம். ஆகவே கோப்பின் பெயரிலேயே மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். ஓடி வந்தவர்கள் சொல்லும் திருத்தங்களைக் குழுவின் உரையாடலுக்குள் புதைய விடாமல், அன்றே குறிப்பில் சேர்த்து, புதிய பிரதியைக் குழுவின் மேற்புறத்தில் நிலையாக வையுங்கள், பழையதை நீக்கிவிடுங்கள். ஒரே வழித்தடத்தின் மூன்று பிரதிகள் சுற்றிக்கொண்டிருந்தால், மூடப்பட்ட கடையை நம்பிக் காலிப் போத்தலோடு யாரோ ஒருவர் கும்புறுப்பிட்டியில் நிற்க நேரும். திருத்தம் சொன்னவரின் ஊரை அவ்வரியின் பக்கத்தில் குறித்துவைத்தால், அடுத்த முறை அதே பகுதியைப் பற்றி எவரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.